மேல்வழிக்காரர்

மனிதர்களில் நேராகப் பேசுகிறவர்கள் உண்டு, சுற்றி வளைத்துப் பேசுகிறவர்கள் உண்டு, வாயே திறக்காமல் முறைத்துப் பார்த்துக் காரியத்தை முடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. இவர்களையெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் இப்போது அறிமுகப்படுத்தப்போகிறவர் இந்த மூன்றிலும் சேராதவர். அவருக்கு உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்களும் எதிரே கைக்கெட்டும் தூரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆனால் உங்களிடம் சொல்ல மாட்டார். உங்களைக் கண்ணை மூடச் சொல்வார். தானும் மூடிக்கொள்வார். பிறகு அந்த விஷயத்தை வானத்தையும் பூமியையும் உண்டாக்கின ஆண்டவரிடம், உங்கள் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாகச் சொல்வார். இவருக்கு நான் வைத்திருக்கிற பெயர் மேல்வழிக்காரர்.

எந்தச் சபைக்குப் போனாலும் இந்த இனத்தில் நாலு பேர் தேறுவார்கள். ஆண்களில் உண்டு, பெண்களில் உண்டு, போதகர்களிலும் உண்டு என்று சொன்னால் எனக்கு வம்பு வரும், அதனால் அதைச் சொல்லவில்லை. ஜெபத்தைக் கேலி செய்கிறானே, இவன் உருப்படுவானா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் ஜெபிக்கிறவன்தான், சாப்பாட்டுக்கு முன்னால், தூங்குவதற்கு முன்னால், பல் டாக்டரின் நாற்காலியில் சாய்வதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் உருக்கமாக. என் கேலி ஜெபத்தைப் பற்றியது அல்ல. மேல்விலாசம் பரலோகத்துக்கு எழுதி, பக்கத்து நாற்காலியில் கொண்டுபோய்ப் போடுகிற தபாலைப் பற்றியது.

இவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? சுலபம். "ஆண்டவரே, உமக்குத் தெரியும்" என்று ஆரம்பிப்பார். ஆண்டவருக்குத் தெரியும் என்றால் அதோடு விட்டுவிடலாமே? விட முடியாது. தெரியாதவர்கள் பதினேழு பேர் அறையில் இருக்கிறார்கள். "உமக்கு மறைவானது ஒன்றுமில்லை" என்றாரா, உஷாராகிவிடுங்கள், யாரோ ஒருவருடைய ரகசியம் இன்னும் அரை நிமிஷத்தில் வெளியே வரப்போகிறது. "நான் யாரையும் குறை சொல்லவில்லை கர்த்தாவே" என்றால் குறை சொல்லத் தொடங்கிவிட்டார் என்று பொருள். "எங்கள் நடுவில் சிலர்" என்றால் சிலர் அல்ல, ஒருவர். அந்த ஒருவர் யார் என்று நீங்கள் மனத்துக்குள் தேடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அது நீங்கள்தான்.

இந்த ஏற்பாட்டின் அழகு என்னவென்றால், இதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டு குரல் தழுதழுக்க நிற்கிற மனுஷனிடம் யார் சண்டைக்குப் போவது? குறுக்கே ஒரு வார்த்தை பேசினாலும் நீங்கள் பேசியது அவரோடு அல்ல, ஆண்டவரோடு என்று ஆகிவிடும். உங்களுக்குப் பதில் சொல்லக் கொடுத்திருப்பது ஒரே ஒரு சொல்: ஆமென். அடி வாங்கினவனே கடைசியில் 'அப்படியே ஆகட்டும்' என்று வாயால் ஒப்புக்கொண்டு எழுந்து போகிற ஏற்பாடு உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

என்னிடம் சொந்தமாகவே ஒரு மேல்வழிக்காரர் இருக்கிறார். என் தங்கையின் வீட்டுக்காரர். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி ஒன்றில் மூத்த மெக்கானிக். ஆள் கதவளவு இருப்பார். குரல் கதவிடுக்கில் வருகிற காற்று மாதிரி இருக்கும். யாரிடம் பேசினாலும் அவருடைய சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்துத்தான் பேசுவார். ஹோட்டலில் தண்ணீர் வைக்க மறந்துவிட்டால் கேட்க மாட்டார், விக்கிக்கொண்டே சாப்பிட்டு முடிப்பார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் என் தங்கையை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஊரில் எல்லாரும் அவளைக் கொடுத்து வைத்தவள் என்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் அவரோடு உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

"அன்பின் ஆண்டவரே, இந்த உணவுக்காக ஸ்தோத்திரம். இதைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும். உப்பு இருக்கிற நாளிலும் இல்லாத நாளிலும் உம்மைத் துதிக்கிற இருதயத்தை எங்களுக்குத் தாரும்."

"ஆமென்" என்பாள் தங்கை. உப்பு ஜாடி 'ணங்'கென்று மேஜைக்கு வரும்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். அங்கே அவர் குரலே மாறிவிடும். மற்ற நேரத்தில் 'போயிட்டு வரேன்' என்பதையே பாதி விழுங்கிச் சொல்கிற மனுஷன், கண்ணை மூடிவிட்டால் தேவரீர், அடியேன், கிருபாசனம் என்று கொட்டுவார். மேல்மாடியில் குடியிருந்த கணக்கு வாத்தியார், பாவம், கூப்பிட்டார்களே என்று மரியாதைக்கு ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். "ஆண்டவரே, எங்கள் தலைக்கு மேலே வாசம்பண்ணுகிற சகோதரனுக்காக ஜெபிக்கிறேன். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைக்கிற பெலனை அவருடைய புயங்களுக்குத் தாரும்" என்று ஒரு விண்ணப்பம் போயிற்று. மறுநாளே வாத்தியார் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ரப்பர் மாட்டிவிட்டார். கூட்டத்துக்கு மட்டும் அதற்கப்புறம் வரவில்லை. "பாத்தீங்களா மச்சான், ஜெபம் எப்படிக் கேக்கப்படுதுன்னு!" என்று என்னிடம் சந்தோஷப்பட்டார் மாப்பிள்ளை.

என் மருமகள், தங்கையின் பெண், ஏழாவது படிக்கிறாள், இதற்கு ஒரு அகராதியே தயாரித்து வைத்திருக்கிறாள். "அப்பா 'வாலிபப் பிள்ளைகள்'னு ஆரம்பிச்சா அது நான், மாமா. 'குடும்பத்தைக் கட்டுகிற ஸ்திரீகள்'னா அம்மா. 'தூரத்திலிருந்து வந்தவர்கள்'னா நீங்க."

"நான் என்னடி பண்ணினேன்?"

"கேட்டுக்கிட்டே இருங்க, வரும்."

வந்தது. தூரத்திலிருந்து வந்திருக்கிற சகோதரன் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குத் தவறாமல் வருகிற உற்சாகத்துக்காக நன்றி சொல்லப்பட்டது. அதே உற்சாகத்தை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் அவருக்குத் தர வேண்டும் என்று கேட்கப்பட்டது. நான் ஆமென் சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்? இரண்டு ஞாயிறு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

என் தங்கை மட்டும் லேசுப்பட்டவளா? முள்ளை முள்ளால் எடுக்கக் கற்றுக்கொண்டாள். சமையலறைக் குழாய் மூன்று வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வாயால் சொல்லிப் பார்த்தாள், பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை, அவர் ஆமென் சொல்லி வாயை மூடுவதற்குள், "நானும் ரெண்டு வார்த்தை ஜெபிக்கிறேன்" என்று ஆரம்பித்தாள். "ஆண்டவரே, ஊருக்கெல்லாம் லிஃப்ட்டை ஏற்றி இறக்குகிற கைகளை என் வீட்டுக்குத் தந்தீர். அந்தக் கைகளுக்கு என் சமையலறைக்கு வழி காட்டும். வாஷர் அளவு அரை அங்குலம்." பதினேழு பேரும் ஒரே குரலில் ஆமென் சொன்னார்கள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குழாய் சரியாகிவிட்டது.

இதுவரை சிரித்தீர்கள் அல்லவா? நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், தம்பி விஷயம் வரும் வரைக்கும்.

மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி. பன்னிரண்டு வயது இளையவன். அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீட்டிலேயே வளர்ந்தவன், அண்ணன் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷமாக அண்ணன் கூடவே ஸ்பானர் பிடிப்பவன். சர்வீஸ் நாளில் அண்ணன் மாடி மாடியாகக் கதவுகளைப் பார்த்துக்கொண்டு வருவார். தம்பி அடியில் குழிக்குள் இறங்கிச் சுத்தம் செய்வான். கதவுச் சுவிட்சைச் சோதிக்கும்போது ஒரு துண்டு வயரைக் குறுக்கே மாட்டிப் பார்ப்பது அவர்கள் தொழிலில் வழக்கம். வேலை முடிந்ததும் அதை மறக்காமல் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் கதவு திறந்து கிடந்தாலும் மூடியிருப்பதாக நம்பிக்கொண்டு லிஃப்ட் கிளம்பிவிடும்.

ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில், மூன்றாம் மாடியில், அந்த வயர் கழற்றப்படவில்லை. மறுநாள் காலை பாட்டு டீச்சர் ஒருவர் ஒரு காலை உள்ளே வைத்தார், லிஃப்ட் கிளம்பிற்று. எப்படியோ காலை இழுத்துக்கொண்டார். கையிலிருந்த குடை மாட்டி இரண்டாக ஒடிந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேனேஜர் வந்துவிட்டார், கட்டடத்துச் செயலாளர் வந்துவிட்டார், ஆறு மாடி ஜனமும் படிக்கட்டில் கூடிவிட்டது.

"யார் பார்த்த வேலை இது?" என்றார் மேனேஜர்.

மாப்பிள்ளை அவருடைய இரண்டாவது பொத்தானைப் பார்த்தார். பிறகு, "தம்பி கொஞ்சம் புதுசு சார். நான் பேசிக்கிறேன்" என்றார்.

மூன்று வருஷம் கூடவே வேலை செய்தவன் ஒரே நிமிஷத்தில் புதுசாகிவிட்டான். கதவுகளைப் பார்த்தது அண்ணன் என்பது அவனுக்குத் தெரியும், அவன் குழிக்குள் நின்றது அண்ணனுக்கும் தெரியும். தம்பி ஒரு தடவை அண்ணனைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். மறுநாள் அவனிடமிருந்து கருவிப் பையை வாங்கிக்கொண்டு கிடங்கில் போல்ட் பொறுக்கிப் பெட்டியில் போடுகிற வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் அண்ணியோடு பேசுவான், குழந்தையோடு பேசுவான், என்னோடு பேசுவான். அண்ணன் அறைக்குள் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

இந்த உண்மை எனக்கு எப்படித் தெரியும்? தங்கை சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அவர் ஆண்டவரிடம் சொன்னார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, 'அந்த வயரை மறந்தவன் நான்தான் ஆண்டவரே, என்னை மன்னியும்' என்று அழுதிருக்கிறார். துணி எடுக்கப் போன இவள் காதில் விழுந்திருக்கிறது.

"நல்லதாப் போச்சு, மனுஷன் உணர்ந்துட்டாரு" என்றேன்.

"என்னத்த உணர்ந்தாரு? அழுதுட்டு முகத்தத் தொடச்சிட்டு வந்து, மனசு லேசாயிடுச்சுன்னு ரெண்டாந்தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. அந்தப் பையன் பக்கத்து ரூம்ல ஒரு வாய் சாப்பிடாமப் படுத்திருக்கான்."

ஆண்டவர் மன்னிப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மன்னித்தும் இருப்பார். ஆனால் மாப்பிள்ளை மாட்டிவிட்டது ஆண்டவரை இல்லையே? அடித்தது ஒரு கன்னத்தில், மருந்து கேட்டது வேறு வாசலில். இதற்குப் பொருத்தமான வசனம் ஒன்று உண்டு, உங்களுக்கும் ஞாபகம் வந்திருக்கும். சொல்ல மாட்டேன். சொன்னால் நானும் வசனத்தை எடுத்து ஆளை அடிக்கிறவனாகிவிடுவேன்.

"நீ அவர்கிட்ட நேரா சொல்லேன்" என்றேன் தங்கையிடம்.

"நீ சொல்லேண்ணா. நீதான அவருக்கு மச்சான்."

"நான் எப்படிம்மா? வீட்டு மாப்பிள்ளை. மனசு கஷ்டப்படுவாரு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் டீ ஆறிப்போகிறது என்று குனிந்துகொண்டேன்.

மூன்று மாதம் இப்படியே போயிற்று. வெள்ளிக்கிழமை ஜெபத்தில் மட்டும், "ஆண்டவரே, எங்கள் குறைகளை மன்னியும், கோபத்தைப் பாராட்டுகிற இளம் இருதயங்களை இளக்கும்" என்று ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. பழியைப் போட்டது அண்ணன், இளக வேண்டியது தம்பி! அண்ணிக்காக அந்தக் கூட்டத்துக்கு மட்டும் அவன் வந்து, கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பான். ஆமென் சொல்ல மாட்டான்.

அப்புறம் ஒரு நாள் அவனுக்குக் கடல் கடந்து ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. அண்ணியிடம்தான் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு வர முடியாதாம். "இங்க எனக்கு என்ன இருக்கு அண்ணி, போல்ட் பொறுக்கறதா?" என்றானாம். தங்கை அதை எனக்கு போனில் சொல்லும்போது அழுதாள்.

அவன் கிளம்புகிற காலை நானும் போயிருந்தேன். பத்து மணிக்கு டாக்ஸி. கூடத்தின் நடுவில் இரண்டு பெட்டிகள், ஒரு தோள்பை. மாப்பிள்ளை பெட்டியின் சக்கரத்தைத் தட்டிப் பார்க்கிறார், பூட்டை இழுத்துப் பார்க்கிறார், ஜிப்பை மூடித் திறந்து மூடுகிறார். எல்லாவற்றையும் தொடுகிறார், தம்பியைத் தவிர. ஒன்பதே முக்காலுக்கு, நான் எதிர்பார்த்தபடியே, "பயண ஜெபம் பண்ணிடலாம்" என்றார்.

பெட்டிகளைச் சுற்றி நின்றோம். தம்பி எனக்கு இடப்பக்கம். கண்ணை மூடினோம்.

பயண ஜெபம் என்றால் உங்களுக்குத் தெரியும், அது எப்படியும் விமானத்தைவிட மெதுவாகத்தான் போகும். டாக்ஸி டிரைவரில் ஆரம்பித்தார். சாலையைச் சமப்படுத்தினார். பெட்டியின் எடையை ஆண்டவருக்குத் தெரியப்படுத்தினார். இருபத்திரண்டு கிலோ நானூறு கிராம். விமானத்தின் எண்ணைச் சொன்னார், ஆண்டவர் வேறு விமானத்தைக் காத்துவிடக்கூடாதல்லவா? இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தாங்கச் சொன்னார். விமானியின் கைகளை ஆசீர்வதித்தார். போய்ச் சேருகிற ஊரின் தட்பவெப்ப நிலையைப் பற்றி விண்ணப்பம் செய்தார். எனக்குக் கால் மரத்துவிட்டது.

பிறகு குரல் நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டே காத்திருந்தேன்.

"ஆண்டவரே" என்றார். அந்தக் கிருபாசனக் குரல் இல்லை. அன்றாடம் பேசுகிற சாதாரணக் குரல். "அந்த வயர நான்தான் கழட்டல. எல்லார் முன்னாலயும் இவன் தலையில போட்டேன். இவன நான் தோள்ல தூக்கி வளத்தேன் ஆண்டவரே. பயந்துட்டேன். வேலை போயிடும்னு பயந்துட்டேன். இவன் மூஞ்சியப் பாக்க எனக்கு முடியல. இவன் என்ன மன்னிக்கணும். மன்னிக்காமப் போனா நான் என்ன பண்ணுவேன்?"

உண்மையைச் சொல்கிறேன், என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த மனுஷனையா இத்தனை நாள் கேலி செய்தோம் என்று வெட்கமாக இருந்தது. பதினாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஜெபங்களில் இது ஒன்றுதான் ஜெபம் மாதிரி இருந்தது. அவர் விம்மி முடித்து ஆமென் என்றபோது நானும் உரக்க ஆமென் சொன்னேன். மருமகளும் சொன்னாள். கண்ணைத் திறந்தேன்.

பெட்டிகளைக் காணோம். தம்பியையும் காணோம்.

மாப்பிள்ளை, பெட்டி இருந்த தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்க அவன்?"

"டாக்ஸி வந்து கீழ நின்னுச்சு. அவன் போன் பையிலயே அதிர்ந்துக்கிட்டு இருந்துச்சு. போயிட்டான்" என்றாள் தங்கை. அவள் எப்போதுமே ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஜெபிப்பாள், அடுப்பில் பால் இருக்கும்.

"எப்ப?"

"நீங்க விமானியோட கைய ஆசீர்வதிச்சீங்களே, அப்ப."

"ஏன்டி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஜெபத்துல யாரும் பேசக் கூடாதுன்னு சொல்லி வெச்சது யாரு?" என்றாள். பிறகு, "கால்ல செருப்புகூட மாட்டல, பெட்டியோட சேத்துக் கையில தூக்கிக்கிட்டுப் போனான். சத்தம் கேக்கக் கூடாதாம். உங்க ஜெபம் கலையக் கூடாதாம்" என்றாள். அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

பாருங்கள், எப்பேர்ப்பட்ட வேடிக்கை! மூன்று மாதமாகச் சொல்ல வேண்டியவனிடம் சொல்லாமல் வைத்திருந்ததை ஒருவழியாகச் சொன்னார். கேட்க வேண்டியவனைத் தவிர எல்லாரும் கேட்டோம். ஆண்டவர் முதல் தடவையாகத் தபாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. சேர்ப்பித்துச் சேர்ப்பித்து அவருக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும்.

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். பொத்தானை இல்லை, முகத்தையே பார்த்தார். நமக்கு ஏதோ நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மச்சான், நீங்க ஒரு போன் போட்டு அவன்கிட்டச் சொல்லிடுறீங்களா? நான் ஜெபத்துல சொன்னத அப்படியே..."

ஆண்டவர் கைவிட்டதும் அடுத்த தபால்காரரைப் பிடித்துவிட்டார்! நான், கடவுள் மன்னிப்பாராக, சட்டைப்பையில் போனைத் தேடத் தொடங்கினேன். என் தங்கைதான் என் கையைத் தட்டிவிட்டாள். தன் போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் கையில் திணித்தாள்.

"சொல்லுங்க அண்ணி" என்றான் தம்பி. பின்னால் வண்டிச் சத்தம்.

"நான்தான்டா" என்றார் மாப்பிள்ளை.

போனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். நெற்றியில் வேர்வை பொங்கிற்று. "தம்பி... ஒரு நிமிஷம் கண்ண மூடிக்கோ, ஒரு சின்ன ஜெபம்..."

"கண்ணத் தொறங்க!" என்று என் தங்கை போட்ட சத்தத்தில் நான் திடுக்கிட்டு ஓர் அடி பின்னால் போய்விட்டேன். உண்மையிலேயே அவர் கண்ணை மூடிவிட்டிருந்தார். திறந்தார். எதிரே சுவர், சுவரில் பார்க்கப் பொத்தான் ஏதும் இல்லை.

"அந்த வயர நான்தான்டா கழட்டல" என்றார். "உன்ன மாட்டி விட்டுட்டேன். மன்னிச்சிடுடா."

அவ்வளவுதான். மூச்சு வாங்கின நேரத்தையும் சேர்த்தால் கால் நிமிஷம் ஆகியிருக்கும்.

எங்கேயோ ஒரு லாரி ஹாரன் அடித்தது. பிறகு தம்பியின் குரல் வந்தது, கோபம் இல்லாமல், ஆனால் சமாதானமும் ஆகாமல்.

"நான் குழிக்குள்ள நின்னேண்ணே. மேல யாரு இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாதா? 'தம்பி, இந்தப் பழிய நீ ஏத்துக்கோடா, எனக்குப் பயமா இருக்கு'ன்னு காதுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கைய தூக்கியிருப்பேன். நீங்க கேட்டிருந்தா குடுத்திருப்பேண்ணே. கேக்காம எடுத்துக்கிட்டீங்க."

மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டார். என் தங்கை அவர் தோளில் கையை வைத்தாள்.

"வண்டிய திருப்பச் சொல்லுடா. ஒரு தடவ உன்னப் பாத்துட்டு..."

"நேரம் இல்லண்ணே. போயி இறங்கினதும் பேசறேன். உங்களுக்கே போன் பண்றேன்." பிறகு, "ஆபீஸ்ல?" என்றான்.

இந்தக் கேள்விக்கு வழக்கமான பதில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். 'அதுக்காக ஜெபிக்கிறேன்' என்பது. வாய் வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். விழுங்கிவிட்டு, "திங்கக்கிழமை சொல்றேன்" என்றார்.

சொன்னார். மேனேஜர் அறையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது கிடங்கில் போல்ட் பொறுக்குகிறவர் மாப்பிள்ளைதான். ஆறு மாதத்துக்கு. தம்பியின் பெயரிலிருந்த புகாரை அடித்துவிட்டு அவனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். அவன் அங்கேயே இருக்கிறான், திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. இறங்கின அன்றைக்குச் சொன்னபடி அண்ணனுக்கே போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் செய்கிறான். இருவரும் பெரும்பாலும் சும்மாவே இருக்கிறார்கள். "அங்க குளிரா?" "குளிருதுண்ணே." இதற்கு மேல் எனக்குக் கேட்டதில்லை. அந்தப் பேச்சு முடிந்த பிறகு மாப்பிள்ளை தனியாகப் போய் உட்கார்ந்து ஜெபிக்கிறார், சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய. யாருக்கும் காதில் விழுவதில்லை. மருமகளுக்கு அகராதி வைத்துக்கொள்ள வேலையில்லாமல் போய்விட்டது.

முழுக்கத் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அதெப்படி? போன வெள்ளிக்கிழமைகூட, "ஆண்டவரே, தண்ணீர் குடித்த டம்ளரைக் கழுவி வைக்கிற தூரத்துச் சகோதரருக்காக ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். கண்ணைத் திறந்தார். "மச்சான், டம்ளரக் கழுவி வெச்சிட்டுப் போங்க" என்றார். ஜெபக் கூட்டத்தில் பதினேழு பேர் கைதட்டினது அன்றைக்குத்தான்.

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்ததா இல்லையா? 'இதை அவர் கட்டாயம் படிக்க வேண்டும்' என்று தோன்றியதா? பக்கத்தை மடித்து அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிடலாம், அல்லது படம் எடுத்து ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்பிவிடலாம், புரிந்தால் புரிந்துகொள்ளட்டும் என்று ஒரு திட்டம்கூட ஓடியிருக்குமே? வாருங்கள், வாருங்கள். ஜெபித்தால்தான் மேல்வழிக்காரர் என்று யார் சொன்னது?

உங்களை மட்டும் சொல்வானேன். நான் இவ்வளவு நீளத்துக்கு இதை எழுதியதே வேறு எதற்கு? இந்த வீட்டில் இதை முதலில் படிக்கப்போகிறவள் என் மனைவி. போன வருஷம் சபைப் பாடகர் குழுவில் அவள் தனியாகப் பாடின பாட்டைப் பற்றி, விருந்தில் எல்லார் முன்னாலும் நான் ஒரு ஜோக் அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் பாடப் போகவில்லை. காரணம் கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்கிறாள். நான் அதற்காக ஆண்டவரிடம் பல தடவை வருத்தம் தெரிவித்திருக்கிறேன். இதோ, இப்போது அச்சுக்கும் தெரிவித்துவிட்டேன்.

அவள் பக்கத்து அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் இருப்பது ஒரு கதவு. நான் பேனாவை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். நீங்கள் ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறீர்கள்?